தில்லைக்குப் போகிறவருக்கு மூன்று வேளை பஃபே எதற்கு?

ரிசார்ட்டுக்குப் போன் போட்டு, தேதியும் ஆள் கணக்கும் சொல்லி முடித்ததும் எதிர்முனையில் இருக்கும் இளைஞர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சி.பி.யா சார், எம்.ஏ.பி.யா, ஏ.பி.யா?" நாம் ஒரு நொடி தயங்கினால் போதும், பதிலையும் அவரே சொல்லிவிடுவார். "ஏ.பி. போட்டுடறேன் சார். மூணு வேளையும் உள்ளேயே ஆயிடும், வெளியில அலைய வேண்டாம். அதுதான் லாபம்."

சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த எழுத்துகள் அன்றாடப் பேச்சு. இ.பி. என்றால் வெறும் அறை. சி.பி. என்றால் அறையோடு காலை டிபன். எம்.ஏ.பி.யில் அத்துடன் மதியமோ இரவோ ஒரு வேளை சேரும். ஏ.பி.யில் மூன்று வேளையும் அடக்கம். அறை வாடகையோடு சாப்பாட்டையும் சேர்த்தே வாங்குவது 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஹோட்டல்களின் வழக்கம். ஏ.பி.யில் இருக்கும் 'ஏ' அந்த அமெரிக்காதான். இன்று கடலூர் மாவட்டத்துக்கு இரண்டு நாள் குடும்பத்தோடு வருகிறவர் வரைக்கும் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

ஏ.பி. எல்லா ஊரிலும் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். மாலத்தீவில் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். அங்கே போய் "வெளியில் சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்றால் கடலில் குதித்து மீன் பிடித்தால்தான் உண்டு. ஆலப்புழை படகு வீட்டில் சமையல்காரரும் படகிலேயே வருகிறார், சாப்பாடும் வாடகைக்குள் அடங்கிவிடுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டாப்ஸ்லிப் போன்ற காட்டு விடுதியில் இருட்டிய பிறகு வாசலைத் தாண்டுவதற்கே அனுமதி கிடையாது. இங்கெல்லாம் சாப்பாட்டுத் திட்டம் லாபமா நஷ்டமா என்று கணக்குப் போடுவது வீண். வேறு வழியில்லாத இடத்தில் அது வசதி.

கடலூரும் சிதம்பரமும் அப்படிப்பட்ட இடங்கள் அல்ல. புதுச்சேரி எல்லையிலிருந்து கொள்ளிடம் வரைக்கும் சாலையோரம் பத்து நிமிடத்துக்கு ஒரு ஊர், ஊருக்கு நாலு மெஸ். இந்தப் பகுதியில் ரிசார்ட்டில் தங்குகிறவர் காலை டிபனுக்கு மேல் ஒரு வேளைக்குக்கூட முன்பணம் கட்டக் கூடாது என்பது என் கட்சி. காசு ஒரு காரணம். காசைவிடப் பெரிய காரணம் மணிக்கணக்கு.

சிதம்பரம் நடராஜர் கோயிலின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை 6 மணி வாக்கில் நடை திறக்கிறது. ஸ்படிக லிங்கத்துக்கு அபிஷேகம், அதையடுத்து ரத்தினசபாபதிக்கு அபிஷேகமும் தீப தரிசனமும் என்று, வெளியூர்க்காரர்கள் பார்க்க ஆசைப்படுவதெல்லாம் காலை 10, 11 மணியை ஒட்டி நடக்கும். பகல் 12 மணி வாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை 5 ஆகிவிடும். நாளுக்கு ஆறு கால பூஜையில் கடைசியான அர்த்தஜாமம் முடிய இரவு 10 மணி ஆகும். சிதம்பரத்தில் ஒரே ஒரு பூஜைதான் பார்க்க முடியும் என்றால் அர்த்தஜாமத்தைப் பாருங்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கூட்டம் கலைந்து, சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருளும் நேரம் அது.

இப்போது ரிசார்ட்டின் மணிக்கணக்கை இதன் பக்கத்தில் வையுங்கள். பஃபே டிபன் பொதுவாக 7.30 முதல் 10 வரை. மதியம் 12.30 முதல் 3 வரை. இரவு 7.30 முதல் 10 வரை. ரத்தினசபாபதி தரிசனம் முடித்து வெளியே வரும்போது பகல் 12. பசி வந்துவிடும், வெயில் ஏறிவிடும். நீங்கள் நிற்பதோ கீழவீதியில், நாலு திசையிலும் சாப்பாட்டுக் கடை. ஆனால் பையில் ஏ.பி. கூப்பன் இருக்கிறது. காரை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கத்து ரிசார்ட்டுக்கு ஓடிப்போய்ப் பன்னீர் பட்டர் மசாலா சாப்பிட்டுவிட்டு மாலை மறுபடி வருவீர்களா? பிள்ளைகளோடு வந்தவர் வர மாட்டார். இரவில் இன்னும் மோசம். அர்த்தஜாமம் பார்த்தால் பஃபே போச்சு, பஃபேவுக்குப் போனால் அர்த்தஜாமம் போச்சு. கட்டின காசு வீணாகக் கூடாது என்று பஃபேவுக்குத் திரும்பும் குடும்பங்கள்தான் அதிகம். நடராஜரைப் பார்க்க வந்த ஊரில் சாப்பிட்டாக வேண்டிய நேரம் பார்த்து ஓடுவது என்ன விடுமுறை என்று எனக்குப் புரியவில்லை.

பிச்சாவரத்துக்கும் இதே சங்கடம். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். 1,100 ஹெக்டேருக்கு மேல் பரந்த அலையாத்திக் காடு, 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. காலை வெயில் ஏறுவதற்குள் துடுப்புப் படகில் போய்விட வேண்டும். மோட்டார் படகு அகலமான கால்வாயோடு நின்றுவிடும். துடுப்புப் படகுதான் சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் தலைக்கு மேல் கோத்துக்கொண்டு நிற்கும் ஒடுங்கிய ஓடைகளுக்குள் நுழையும். கீற்றுக் கீற்றாக வெளிச்சம் விழும் அந்த ஓடையில் படகுக்காரர் துடுப்பை உள்ளே இழுத்துக்கொண்டு வேரைக் கையால் தள்ளியே படகை நகர்த்துவார். தில்லை மரத்தைக் காட்டி, "இதோட பால் கண்ணுல பட்டுடக் கூடாது, தள்ளி உட்காருங்க" என்பார். ஊருக்கே பழைய பேர் கொடுத்த மரம் அது. இதைப் பார்ப்பதற்கு விடிந்ததும் கிளம்ப வேண்டும். விடிந்ததும் கிளம்பினால் 7.30 மணி டிபன் தவறும். காலை டிபன் மட்டும் வாங்கச் சொல்லும் நானே இங்கே ஒரு வேளையை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். டிபனைப் பொட்டலமாகக் கட்டித் தரும் ரிசார்ட்டுகளும் உண்டு. முதல் நாள் இரவே சொல்லிவைத்தால் நடக்கும்.

காசுக் கணக்குக்கும் வருவோம். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம், தொகைகளை உங்கள் ரிசார்ட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, பாட்டி, பத்து வயதுப் பிள்ளை. இரண்டு இரவு. டிபன் எப்படியும் அறையோடு வருகிறது. மதியத்துக்கு ஆளுக்கு 800 ரூபாய், இரவுக்கு 900 ரூபாய், பிள்ளைக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை ஆள் கணக்கு. இரண்டு நாளைக்கு 11,900 ரூபாய், வரி தனி. இதே குடும்பம் திட்டம் ஏதும் எடுக்காமல், ரிசார்ட் உணவகத்திலேயே மெனு பார்த்து முதல் நாள் மதியமும் இரண்டு இரவும் சாப்பிட்டால் வேளைக்கு 2,000 ரூபாய் ஆகலாம். இரண்டாம் நாள் மதியம் சிதம்பரத்தில் மெஸ் சாப்பாடு, நாலு பேருக்கு 800. மொத்தம் 6,800. வித்தியாசம் 5,100 ரூபாய்.

மெனு விலை மலிவாக இருப்பதால் இந்த வித்தியாசம் வரவில்லை. நம் குடும்பங்கள் சாப்பிடும் விதம்தான் காரணம். ஒரு குழம்பு, ஒரு பொரியல், ரெண்டு பிரைடு ரைஸ் சொல்லி நாலு பேர் பகிர்ந்துகொள்கிறோம். பாட்டிக்கு ராத்திரி ரெண்டு இட்லிக்கு மேல் இறங்காது. பிள்ளை பாதித் தோசையை வைத்துவிட்டு ஐஸ்கிரீம் கேட்கும். பஃபே திட்டத்தில் பகிர்வதற்கு இடமில்லை. தலைக்கு ஒரு விலை, அந்தத் தலை எவ்வளவு சாப்பிட்டாலும். பாட்டியின் ரெண்டு இட்லிக்கு 900 ரூபாய் என்பதுதான் ஏ.பி.யின் உண்மையான விலைப்பட்டியல். அகோரப் பசிக்காரக் கல்லூரிப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து வந்தால் கணக்கு தலைகீழாகும். அவர்கள் தாராளமாக எடுக்கலாம், நஷ்டம் ரிசார்ட்டுக்குத்தான்.

முதல் நாள் மதியம் என்ற ஒன்றையும் மறந்துவிடாதீர்கள். அறை கொடுப்பது பகல் 1 மணிக்கோ 2 மணிக்கோ. சென்னையிலிருந்து காலையில் கிளம்பி, வழியில் டிபன் சாப்பிட்டு, விழுப்புரம் வழியோ கிழக்குக் கடற்கரைச் சாலை வழியோ வந்து சேர்வதற்குள் 3 மணி ஆகி, பஃபே பாத்திரங்களை எடுத்துக்கொண்டிருப்பார்கள். கடைசி நாள் 10, 11 மணிக்கெல்லாம் அறையைக் காலி செய்தாக வேண்டும். இரண்டு நாள் ஏ.பி. என்று விற்பதில் கையில் கிடைப்பது ஒன்றரை நாள்தான். இன்னொன்று, காலையில் ஒன்பதரை மணிக்குப் பொங்கல், பூரி, முட்டை, பழம், கேக் என்று வளைத்துக் கட்டினவருக்கு மதியம் ஒரு மணிக்கு யார் பசி கொடுப்பார்கள்?

ஏ.பி.யில் எது சேராது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். குடிநீர் பாட்டில், ஜூஸ், மாலைக் காபி, பஜ்ஜி, அறைக்குக் கொண்டுவரச் சொல்லும் எதுவும் பெரும்பாலும் தனி பில். பாட்டில் தண்ணீருக்கு அச்சிட்ட விலைக்கு மேல் ஹோட்டல்கள் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. வார நாட்களில் ஆள் குறைவாக இருந்தால் பஃபே போட மாட்டார்கள். "இன்னிக்கு செட் மெனு சார்" என்று சாதம், சாம்பார், ஒரு கூட்டு, ஒரு அப்பளத்தோடு முடித்துவிடுவார்கள். கட்டின தொகை மட்டும் பஃபே தொகைதான்.

வரியிலும் ஒரு நெளிவு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. அறையும் சாப்பாடும் ஒரே விலையாகச் சேர்ந்து பில்லாகி, சேர்ந்த தொகை 7,500-ஐத் தாண்டினால் மொத்தத்துக்கும் மேல்வரி எட்டிப்பார்க்க வாய்ப்புண்டு. பில்லில் எதை எப்படிக் காட்டுவார்கள் என்று பதிவு செய்யும்போதே கேட்பது நல்லது. சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அப்படிச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் போட்டது, தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அது செல்லும் என்றது.

இவ்வளவு கணக்கும் தெரிந்தவர்கள்கூட ஏன் ஏ.பி. எடுக்கிறார்கள்? அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. டிராசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்திருந்தார்கள். விடுமுறைப் பயணத்துக்கான பணத்தை முன்கூட்டியே தவணையில் கட்டுவீர்களா, போய் வந்த பிறகு கட்டுவீர்களா? பெரும்பாலோர் முன்கூட்டியே என்றார்கள். துணி துவைக்கும் இயந்திரம் என்றதும் அதே ஆட்கள் பிறகு கட்டுகிறோம் என்றார்கள். ஊர் சுற்றும்போது ஒவ்வொரு வேளையும் பர்ஸைத் திறக்கிற வலி இல்லாமல் இருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு, அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை. மெனு அட்டையில் வலது பக்கத்தை முதலில் படிக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள், முன்பே கட்டியாகிவிட்டது என்று தெரிந்தால் கூச்சமில்லாமல் சாப்பிடுவார்கள். இந்த ஒரு வாதத்துக்கு நான் மறுப்பு சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே உளவியலில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களில் மாதச் சந்தா கட்டியவர்களை ஆராய்ந்து ஸ்டெஃபனோ டெல்லாவிக்னாவும் உல்ரிகே மால்மெண்டியரும் 2006-இல் எழுதினார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டினவர்கள் போனது மாதத்துக்கு நாலு முறை சொச்சம். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. ஒரு தடவைக்குப் பத்து டாலர் மட்டுமே ஆகும் பாஸ் கவுண்டரிலேயே கிடைத்தது. நாளைய நம்மைப் பற்றி இன்றைய நமக்கு இருக்கும் அபார நம்பிக்கைதான் காரணம். பதிவு செய்கிற ராத்திரி, மூன்று வேளையும் வயிறு முட்டச் சாப்பிடும் ஓர் ஆளை மனதில் வைத்துப் பணம் கட்டுகிறோம். ஊருக்கு வந்து சேர்வது வேறொரு ஆள்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டிஸ்னி கேளிக்கை உலகம் 2005-இல் தொடங்கிய சாப்பாட்டுத் திட்டத்தைக் கொரோனாக் காலத்தில் நிறுத்திவிட்டு 2024 ஜனவரியில் மறுபடி கொண்டுவந்தது. அங்கே ஒரு சௌகரியம். வளாகத்துக்குள் இருக்கும் எத்தனையோ உணவகங்களில் எங்கு வேண்டுமானாலும் அந்த வேளைகளைச் செலவழிக்கலாம், இன்று விட்டதை நாளை எடுத்துக்கொள்ளலாம். தங்கல் முடியும் நாள் நள்ளிரவோடு மிச்சமெல்லாம் காலாவதி. நம் ஊர் ரிசார்ட்டுகளில் பெரும்பாலும் ஒரே ஓர் உணவகம், ஒரே ஒரு மேசை வரிசை, அந்த வேளை போனால் போனதுதான்.

சரி, திட்டம் எடுக்காதவர் வெளியில் போய் என்ன சாப்பிடப் போகிறார்? இங்கேதான் கடலூர் மாவட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தற்பெருமை பேச வேண்டியிருக்கிறது. சிதம்பரத்தின் கத்தரிக்காய் கொத்சுவும் சம்பா சாதமும் நடராஜருக்கு நைவேத்தியமாவது. மிளகையும் சீரகத்தையும் நெய்யில் வறுத்துப் பொடித்து, உதிராக வடித்த சாதத்தில் பிரட்டினால் சம்பா சாதம். பிஞ்சுக் கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி மசித்து, புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, தனியா, மிளகாய், கடலைப்பருப்பு வறுத்து அரைத்த பொடியைத் தூவி எண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும்போது இறக்கினால் கொத்சு. இட்லிக்கும் அதைத்தான் ஊற்றுவார்கள். ஊற்றினது போதாமல் இன்னொரு கரண்டி கேட்காமல் யாரும் எழுந்ததை நான் பார்த்ததில்லை. இது பெருங்கூட்டத்துக்கான சமையல் அல்ல. பஃபே பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் சூட்டில் கிடந்தால் கத்தரிக்காய் கறுத்துப் புளித்துப்போகும். 'லோக்கல் ஸ்பெஷல்' என்ற அட்டை குத்தி வைத்திருக்கும் அந்தப் பாத்திரத்தை வைத்து எங்கள் கொத்சுவை எடைபோடாதீர்கள்.

அசைவக்காரர்களுக்குக் கடலூர் முதுநகர்த் துறைமுகமும் பரங்கிப்பேட்டையும் இருக்கின்றன. கடல் உயிரியல் படிக்க அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பரங்கிப்பேட்டையில் தனி மையமே வைத்திருக்கிறது. படிக்காதவர்களுக்கு அங்கே நண்டும் இறாலும் போதும். இதில் வெளியூர்க்காரர்கள் யோசிக்காத ஒன்று உண்டு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பள்ளி விடுமுறை விடுவதும், ரிசார்ட்டுகள் நிரம்பி வழிவதும் சரியாக அதே நாட்களில்தான். அந்தப் பருவத்தில் நூறு பேருக்குப் போடும் பஃபேவின் மீன் எங்கிருந்து வரும்? மே முடியும் வரை தடையில்லாத மேற்குக் கரையிலிருந்தோ ஐஸ் கிடங்கிலிருந்தோதான் வந்தாக வேண்டும். நாட்டுப் படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. கரையோரம் போய்வரும் படகு கொண்டுவரும் நாலு கூடை மீன் ரிசார்ட்டுக்குக் கட்டுப்படியாகாது, இருபது பேருக்குச் சமைக்கும் சின்ன மெஸ்ஸுக்குக் கச்சிதமாகப் போதும். மே மாதத்தில் கடலூரில் நல்ல மீன் குழம்பு வேண்டுமென்றால் காலையில் அந்த மெஸ்ஸுக்கு முன்னால் போய், இன்று என்ன மீன் என்று கேட்பதுதான் வழி. அதே மாதத்தில் பண்ருட்டிப் பக்கம் சாலையோரமெல்லாம் பலாப்பழம். சுளையைக் காகிதத்தில் வைத்து நிற்கிற இடத்திலேயே தருவார்கள்.

அந்தச் சாலையிலிருந்து கொஞ்சம் திரும்பினால் வடலூர். வள்ளலார் 1867 மே 23 அன்று தொடங்கிய சத்திய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வந்தவர் யார், எந்த ஊர் என்று கேட்காமல் சாப்பாடு போடுகிறார்கள். பயண ஏஜென்சிகளின் இரண்டு நாள் நிரலில் வள்ளலாரின் ஞான சபையும் தருமசாலையும் 'பார்க்க வேண்டிய இடங்கள்' பட்டியலில் இருக்கும், மதியச் சாப்பாடு மட்டும் ரிசார்ட்டில் என்று இருக்கும்.

நடுப்பக்கத்தில் இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுற்றுலாவை வளர்க்கிறோம் என்று சொல்லும்போதெல்லாம் உள்ளூர் மக்களுக்கு வருமானம் என்ற ஒரு வரி கூடவே வரும். மூன்று வேளையும் வளாகத்துக்குள் சாப்பிட்டு, அங்கேயே நீச்சல் குளத்தில் குளித்துவிட்டுப் போகும் குடும்பத்தின் பணம் பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைக்கோ கடலூர்க் கடற்கரையிலுள்ள தேவனாம்பட்டினத்துக்கோ எப்படி வரும்? சில்வர் பீச்சில் மாலை நேரம் அடுப்பு மூட்டி மீன் வறுக்கிற அம்மாவுக்கு, மசாலா தடவி அடுக்கிய துண்டுகள் அன்றன்றைக்கு விற்றால்தான் உண்டு. கீழவீதி மெஸ்ஸுக்கும் அப்படித்தான். ரிசார்ட்டும் உள்ளூர்ப் பையன்களுக்கு வேலை கொடுக்கிறது, காய்கறி உள்ளூரில் வாங்குகிறது என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனாலும் சம்பளமாக வருவதற்கும் தன் கடையில் வியாபாரமாக நடப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அறைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும். ஊரின் மதியச் சாப்பாட்டையும் முன்கூட்டியே குத்தகைக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லோருக்கும் எப்போதும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறவர் ஏ.பி. எடுத்தால் நான் சிரிக்க மாட்டேன். கடலூருக்கு மழை வந்தால் சும்மா வராது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையேறியபோது மாவட்டமே மின்சாரமில்லாமல் கிடந்தது. 2015-இல் வெள்ளம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை கரை புரண்டு ஊருக்குள் வந்தது. அந்த மாதிரி நாளில் ஜெனரேட்டர் ஓடும் சமையலறை ஒன்று கையெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய காரியம். மார்கழித் திருவாதிரை, ஆனித் திருமஞ்சனம், மகா சிவராத்திரி நாட்டியாஞ்சலி சமயத்தில் நாலு வீதியும் தலைகளாக இருக்கும், மெஸ்ஸில் இடம் கிடைக்க மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அப்போது இரவுச் சாப்பாட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். திருவாதிரையன்று காலையில் களி எங்காவது கிடைத்துவிடும், அதற்குத் திட்டம் வேண்டாம். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர், கைக்குழந்தைக்காரர், படியேற முடியாத பெரியவர் கூட வந்தால் மணி தவறாமல் சாப்பாடு கிடைப்பது மற்ற எல்லாக் கணக்கையும் விட முக்கியம். கோயிலும் வேண்டாம், காடும் வேண்டாம், அறையில் தூங்கி எழுந்தால் போதும் என்று வருகிறவருக்கும் ஏ.பி. பொருத்தம். அவர் சிதம்பரத்துக்கே வந்திருக்க வேண்டாம் என்பது வேறு விஷயம்.

சாப்பிடாத வேளைக்கும் காசு கட்டும் சிக்கலுக்கு நம் ஊரிலேயே ஒரு தீர்வு பல காலமாக நடைமுறையில் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் தொடங்கியதிலிருந்து எத்தனை தலைமுறை மாணவர்கள் இங்கே விடுதியில் தங்கிப் படித்திருக்கிறார்கள்! தமிழ்நாட்டில் கல்லூரி விடுதியில் இருந்த எவருக்கும் மெஸ் ரிடக்‌ஷன் என்றால் தெரியும். ஊருக்குப் போகிறவர் முன்கூட்டியே நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் போவார், அந்த நாட்களின் சாப்பாட்டுக் காசு கழிந்துவிடும். அரிசி எவ்வளவு வடிப்பது என்று சமையல்காரருக்கும் தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான பையன்களுக்குச் சாப்பாடு போடும் விடுதி வார்டன் நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு செய்கிற காரியத்தை, கணினியும் செயலியும் வைத்திருக்கும் ரிசார்ட் செய்ய முடியாது என்றால் நம்புவதற்கில்லை. காலை டிபன் சாப்பிடும்போதே மேசை மேசையாக வந்து, "சாப்பாடு பிடிச்சிருக்கா சார்?" என்று கேட்கிறார்களே, அதோடு "மதியம் இருப்பீங்களா?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

சட்டமும் இதற்கு முற்றிலும் அந்நியம் அல்ல. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோரின் உரிமைகளைப் பெரிதும் மாற்றிவிடும் நிபந்தனைகள் கொண்ட ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்று வரையறுக்கிறது, அதை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போகவும் வழி வைத்திருக்கிறது. 800 ரூபாய் மதியச் சாப்பாட்டுக்காக யாரும் வழக்குப் போடப் போவதில்லை. அதனால்தான் இதைத் தனி மனிதரின் வழக்குக்கு விடாமல் சுற்றுலாத் துறை ஒரு நடைமுறையாகக் கொண்டுவர வேண்டும். வேளைக்கு வேளை விலையைத் தனித்தனியாக விலைப்பட்டியலில் போடுவது, ஒரு வேளை மட்டும் வாங்க இடம் தருவது, குறித்த நேரத்துக்குள் சொன்னால் சாப்பிடாத வேளையைப் பில்லில் கழிப்பது, இவ்வளவுதான் கேட்பது. மாநில சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தன் விடுதிகளிலேயே இதைத் தொடங்கிவைத்தால் தனியார் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வருவார்கள்.

அதுவரைக்கும் பதிவு செய்யும்போது நாமே கேட்டு வாங்க வேண்டியதுதான். ஏ.பி.க்கும் சி.பி.க்கும் வித்தியாசம் எத்தனை ரூபாய், பிள்ளைக்கு எந்த வயது வரை இலவசம், எத்தனை அறை நிரம்பினால் பஃபே, டிபனைப் பொட்டலமாகத் தருவார்களா, அங்கே வந்த பிறகு ஓர் இரவுச் சாப்பாட்டை மட்டும் சேர்த்துக்கொள்ள முடியுமா? கடைசிக் கேள்விக்கு அநேகமாக எல்லோரும் முடியும் என்றுதான் சொல்வார்கள். வந்த பிறகு அதே விலைக்கோ சற்றே கூடுதலுக்கோ கிடைக்கப்போகும் ஒன்றை ஒரு மாதம் முன்னால், வானிலையும் பசியும் தெரியாமல் வாங்கிவைக்க அவசரம் என்ன? "சி.பி. போதும் தம்பி, மத்ததை வந்து பார்த்துக்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு அது ஒன்றும் புதுசு இல்லை. தன் மதியச் சாப்பாட்டை அவரும் வெளியில் எங்கோ மெஸ்ஸில்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.